வெட்சியின் இடப்பெயர்ச்சி: கண்ணனூர் – சமயபுரம் போர்களின் வழியே புறத்திணைப் போர்முறை குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

புறத்திணைகளைப் பண்டைத் தமிழரின் போர்நெறிப் பட்டியலாக மட்டும் காணும் வழக்கம் தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. அப்பட்டியலின் வரிசையே ஒரு போர்முறைக் கோட்பாடு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள கண்ணனூர் – சமயபுரம் பகுதியில் 1342-இலும் 1752-இலும் நிகழ்ந்த இரு போர்களின் எழுத்துச் சான்றுகளைப் புறத்திணை இலக்கணத்தோடும் சங்கப் பாடல்களோடும் ஒப்பிட்டு, போரின் தொடக்கச் செயலாக வகுக்கப்பட்ட வெட்சியின் கூறுகள் பிற்காலத்தில் போரின் முடிவையே தீர்மானிக்கும் இடத்திற்கு நகர்ந்தமையை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறத்திணை, வெட்சி, உழிஞை, நொச்சி, கண்ணனூர்க் கொப்பம், சமயபுரம், திருச்சிராப்பள்ளி முற்றுகை, உணவுவரத்து.

முன்னுரை

சமயபுரம் என்றதும் மாரியம்மன் கோயிலே நினைவுக்கு வரும். அதே ஊரின் மற்றொரு பகுதியான கண்ணனூரில், வழக்கில் போஜீஸ்வரன் கோயில் எனப்படும் போசளீச்சுவரம் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர சோமேசுவரன் விக்கிரமபுரம் எனப் பெயரிட்டுத் தன் தென்னாட்டுத் தலைநகராகக் கொண்ட ஊர் இது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஓர் அரசு திருவரங்கத்தையோ உறையூரையோ தேர்ந்தெடுக்காமல் கொள்ளிடத்தின் வடபுறத்தில் இவ்வூரைத் தேர்ந்தமைக்கு நிலவியல் காரணம் உண்டு. வடக்கிலிருந்து காவிரிச் சமவெளிக்குள் இறங்கும் வழியும், கொள்ளிடத்தைக் கடந்து திருவரங்கத் தீவுக்குச் செல்லும் வழியும் இங்கிருந்து கண்காணிப்புக்கு உட்பட்டன. ஜடாவர்மன் சுந்தரபாண்டியன் போசளரை ஒடுக்கியபோது கண்ணனூர்க் கொப்பத்தைக் கைப்பற்றியதும், மதுரைச் சுல்தானியர் இங்கே படை நிறுத்தியதும், 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதே இடத்தில் பாசறை அமைத்ததும் தற்செயல் அல்ல. அரசுகள் மாறினாலும் வழி மாறவில்லை.

ஓர் ஊர் நானூறு ஆண்டு இடைவெளியில் இருமுறை போர்க்களமாகி, இரு முறையும் அப்போரைப் பற்றிய எழுத்து எஞ்சியிருப்பது அரிது. போர்முறை எவ்வாறு மாறியது என்ற வினாவைத் தமிழ் இலக்கணம் வகுத்த சட்டகத்தின் துணையோடு கேட்பதற்கு இது வாய்ப்பளிக்கிறது.

புறத்திணை வரிசையும் அதன் உட்கிடையும்

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு திணைகளைக் கூறுகிறது. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையையும் நொச்சியையும் தனித்திணைகளாக்கிப் பன்னிரண்டாக விரிக்கிறது. பாடநூல்களும் பல ஆய்வேடுகளும் இவற்றை ஆநிரை கவர்தல், மீட்டல், படையெடுத்தல், எதிர்த்தல், அரண் முற்றல், அரண் காத்தல், களத்தில் பொருதல், வெற்றி கொள்ளல் என ஒரு நேர்கோட்டில் அடுக்கிக் காட்டுகின்றன. அடுக்கு தவறன்று. ஆனால் அடுக்கிய பின், ‘தமிழர் அறப்போர் புரிந்தனர்’ என்ற முன்முடிவுக்குச் சான்றாக அது நின்றுவிடுகிறது. இவ்வரிசை போரைப் பற்றி என்ன கருதுகிறது என்ற வினா எழுப்பப்படுவதில்லை.

வரிசையின் உட்கிடை இது: களவாக நிகழ்வது போரின் தொடக்கம், வெளிப்படையாக நிகழ்வது அதன் முடிவு. வெட்சி குறிஞ்சியின் புறம். மலையும் யாமமும் களவும் இரண்டிற்கும் பொது என்பது உரையாசிரியர்கள் காட்டும் இயைபு. தும்பையோ இரு வேந்தரும் வலிமையே பொருளாக நேர்நின்று பொருவது. போரின் மதிப்பு இருளிலிருந்து ஒளிக்கு ஏறுகிறது. முடிவு களத்தில் கிட்டுகிறது.

ஆயினும் தொல்காப்பியர் வெட்சிக்குக் கூறும் துறைகளைக் கூர்ந்து நோக்கினால், அது வெறும் முன்னுரையாகத் தோன்றவில்லை. பக்கத்தார் அறியாதவாறு படை செல்லுதல், ஒற்றரால் பகைவர் நிலை அறியும் ‘வேய்’, ஊரைப் புறத்தே சூழ்ந்து தங்கும் ‘புறத்திறை’, அதன்பின் ‘ஆகோள்’, கவர்ந்ததைப் பகிரும் ‘பாதீடு’ என அதன் துறைகள் செல்கின்றன. உளவு, மறைவான நகர்வு, வழியடைப்பு, பகைவனின் இயங்கும் செல்வத்தைக் கைப்பற்றல் ஆகியவை இவ்வளவு நுணுக்கமாகப் பிற திணைகளில் வகுக்கப்படவில்லை. போர்முறை என இன்று வழங்கும் பொருளுக்கு மிக அணுக்கமான பகுதி வெட்சியே.

இந்நுணுக்கத்தை மறைத்ததில் உரைமரபுக்கும் பங்குண்டு. போரில் ஆநிரைக்குத் தீங்கு நேராதிருக்கவே அவற்றை முதலில் கவர்ந்து காத்தனர் என்ற அறவிளக்கம் வெட்சியை ஓர் இரக்கச் செயலாக ஆக்கிவிட்டது. அவ்விளக்கத்துக்கு நூற்பாவிலேயே இடமுண்டு என்பது மெய். எனினும் வேந்தன் அனுப்பிய முனைப்புலத்தார் இரவில் சென்று செய்வதாகத் தொல்காப்பியர் கூறும் செயலில், பகைவனை வறியவனாக்கும் நோக்கம் இல்லை எனக் கொள்வது கடினம்.

முற்றுகைக்குள் பசி

அரண் முற்றுகையில் முடிவைத் தருவது மதிலா, உணவா? திருக்குறளின் அரண் அதிகாரம் ஐயத்துக்கு இடமளிக்கவில்லை. கொள்ளற்கு அரியதாதல், உள்ளே உணவு நிறைந்திருத்தல், அகத்தார் நிலைபெற எளிதாதல் ஆகிய மூன்றும் ஒரே குறளில் (745) சேர்த்துக் கூறப்படுகின்றன. அடுத்தடுத்த குறள்களில் முற்றுகையிட்டும், முற்றாது தாக்கியும், உள்ளிருப்போரைக் கீழறுத்தும் அரணைக் கொள்ள முயலும் மூவகை வழிகளும் சுட்டப்படுகின்றன (747).

திருச்சிராப்பள்ளியின் பகுதியாகிய உறையூரோடு தொடர்புடைய சான்று புறநானூற்றில் உள்ளது. நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்தபோது உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர் கிழார் பாடியது 44ஆம் பாடல். உறையூர் முற்றுகையின்போது இருவரையும் நோக்கிப் பாடியது 45ஆம் பாடல். முன்னதில் கவளம் பெறாத யானைகளும், பாலின்றி அழும் குழந்தைகளும், பூவற்ற கூந்தலோடு மகளிரும், நீரின்றி வருந்தும் மனைகளும் காட்டப்படுகின்றனர். அறம் கருதினால் கதவைத் திற; மறம் கருதினால் திறந்து வந்து போரிடு என்பதே புலவரின் வாதம். முற்றுகைக்குள் நேரும் பட்டினியை இவ்வளவு தெளிவாகக் கூறும் இப்பாடலின் திணை உழிஞையும் அன்று, நொச்சியும் அன்று. பழைய குறிப்பு இதனை வாகைத்திணை, அரசவாகைத் துறை என வகுக்கிறது. 45ஆம் பாடல் வஞ்சித்திணை, துணைவஞ்சித் துறை. திணை வகுத்தோர் பிழை செய்தனர் எனக் கூறுவது எளிது. மதிலேறல், அகழி நிரப்பல், வாயிலில் பொருதல் ஆகியவற்றையே மையமாகக் கொண்ட உழிஞைத் துறைகளுக்குள் பசிக்குரிய இடம் இல்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

பறம்பு முற்றுகை இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. மூவேந்தரை நோக்கிக் கபிலர் பாடிய 109ஆம் பாடல் நொச்சித்திணை. அதன் வாதம் மதிலைப் பற்றியதன்று. உழவர் உழாமலே மலை தரும் மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கைப் பற்றியது. உணவுவரத்தை அறுக்க முடியாத அரணை முற்றுவதில் பயனில்லை என்பதே அதன் உட்பொருள். அம்முற்றுகையின்போது தொலைவிலிருந்து செந்நெற்கதிர் வருவிக்கப்பட்ட செய்தியும், நெல் கொணரப் பறந்து சென்று மாலையில் மீளும் பறம்பின் குருவிக்கூட்டமும் புறத்தில் அல்லாமல் அகநானூற்றில், நக்கீரர் (78), ஔவையார் (303) பாடல்களில் இடம்பெறுகின்றன. போரின் உயிர்நாடியான செய்தி அகப்பாடலின் கிளைக்கூற்றாக எஞ்சியிருப்பது கவனத்திற்குரியது.

கண்ணனூர், 1342

மதுரைச் சுல்தான் கியாசுத்தீனின் ஆட்சியில் மதுரைக்கு வந்த இபின் பதூதா, மூன்றாம் வீர வல்லாளனின் கடைசிப் போரைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். அவர் குறிப்பிடும் ‘குப்பான்’ என்ற ஊரை ஆய்வாளர்கள் கண்ணனூர்க் கொப்பமாக அடையாளம் காண்கின்றனர். அவர் போரை நேரில் கண்டவரல்லர். சுல்தானுக்கு மணவுறவினர், அரண்மனையில் கேட்டதை எழுதியவர். வல்லாளனின் படை ஒரு இலட்சத்துக்கும் மேல் என்பது போன்ற அவர் கணக்குகளை அவ்வாறே ஏற்கத் தேவையில்லை. ஆனால் போரின் போக்கைப் பற்றிய அவர் விவரிப்பு எண்ணிக்கைகளைவிட நம்பத்தக்கது. ஏனெனில் அது எந்தத் தரப்புக்கும் பெருமை சேர்ப்பதாக இல்லை.

முற்றுகை பல மாதங்கள் நீடித்தது. அரணுக்குள் பதினான்கு நாள் உணவே எஞ்சியது. உள்ளிருந்தோர் உயிர்க்காப்பு உறுதி பெற்று அரணை ஒப்படைக்க முன்வந்து, அதற்கு முன் தம் சுல்தானுக்குத் தெரிவிக்க அவகாசம் கேட்டனர். வல்லாளன் இசைந்தான். மடல் மதுரைக்குச் சென்றது. மக்கள் முன் படிக்கப்பட்டது. அங்கிருந்து புறப்பட்ட சிறுபடை, வல்லாளனின் வீரர்கள் நண்பகலில் ஓய்ந்து, குதிரைகளை மேய விட்டிருந்த வேளையில் பாசறைக்குள் புகுந்தது. வந்தவர்களைத் திருடர் கூட்டம் என எண்ணி, அணிவகுக்காமலே எதிர்கொண்டனர் என்கிறார் பதூதா. எண்பது வயது மன்னன் பிடிபட்டான். அவனது செல்வமும் யானைகளும் குதிரைகளும் பெறப்பட்ட பின் கொல்லப்பட்டான். அவன் உடலின் தோல் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதைப் பதூதா தாமே கண்டதாகக் கூறுகிறார்.

‘திருடர் கூட்டம்’ என்ற அந்த ஒரு பிழைக்கணிப்பில் இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அடங்கியுள்ளது. வல்லாளன் உழிஞைப் போரை இலக்கணப்படி நடத்தினான். அரணை முற்றினான், உணவு தீரும்வரை காத்தான், சரணடைவுக்கு விதி வகுத்தான். அவனை வீழ்த்தியது உழிஞைக்கோ தும்பைக்கோ உரிய செயலன்று. மறைந்து சென்று, காவல் தளர்ந்த வேளையறிந்து பாயும் வெட்சியின் செயல். வேறுபாடு ஒன்றுண்டு. வெட்சி மறவர் யாமத்தில் செல்வர். இவர்கள் நண்பகலில் வந்தனர். காலம் மாறினும், காவலர் உறங்கும் பொழுதைத் தேர்தல் என்ற கருத்து மாறவில்லை. மேய்ச்சலுக்கு விடப்பட்டிருந்தவை ஆநிரையல்ல, குதிரைகள். குதிரையின்றிப் போசளப் படைக்கு வலிமையில்லை என்பதால் அவ்வேறுபாடும் ஒப்புமையைக் குலைப்பதில்லை. தொடக்கமாக வகுக்கப்பட்ட செயல் இங்கே முடிவாகிவிட்டது.

இதே நூற்றாண்டைத் திருவரங்கத்தின் கோயிலொழுகு வேறொரு கோணத்தில் காண்கிறது. அதற்குக் கண்ணனூர் ஓர் அரணன்று. அண்டையில் நிற்கும் அச்சம். 1323-இல் பிள்ளை உலகாசிரியர் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே சென்றதும், 1371-இல் கோபண்ணனால் நம்பெருமாள் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளியதுமே அதன் போர்வரலாறு. எதிரி வருமுன் விலைமதிப்பற்றதை அகற்றிவிடல் என்ற உத்தியை அந்நூல் பக்தியின் மொழியில் கூறுகிறது.

சமயபுரம், 1752

கர்நாடகப் போர்களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முகமது அலி பிடித்திருந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் அதை முற்றியிருந்தனர். 1752 மார்ச்சு இறுதியில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படை உணவுப் பொருள்களோடு கோட்டையை அடைந்தது. பிரெஞ்சுப் படைத்தலைவர் ழாக் லா, எடுத்துச் செல்ல இயலாத பொருள்களை எரித்துவிட்டுத் திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். முற்றியவர் ஒரே வாரத்தில் முற்றப்பட்டவரானார். உழிஞை, நொச்சி என்ற இணை இவ்வாறு இடம் மாறுவதைப் புறத்திணை இலக்கணம் எதிர்பார்க்கவில்லை.

இதற்குப் பின் நிகழ்ந்ததே போர்முறை வரலாற்றில் முதன்மையானது. ஆங்கிலேயர் திருவரங்க மதில்களை நேரே தாக்கவில்லை. கிளைவின் முன்மொழிவின்படி படை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி காவிரிக்குத் தெற்கே நிற்க, மற்றது கிளைவின் தலைமையில் ஏப்ரல் 6 இரவில் ஆறுகளைக் கடந்து சமயபுரத்தை அடைந்தது. (இது ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிக் கணக்கு. பிரெஞ்சுக்காரர் 11 நாள் முன்னோடிய நாட்காட்டியைப் பின்பற்றியதால் ஒரே இரவுக்கு இரு தேதிகள் வழங்குகின்றன. இதனைக் கவனியாத நூல்களில் நிகழ்ச்சிகள் இரட்டிப்பதும் உண்டு.) ராபர்ட் ஓர்மின் கணக்குப்படி 400 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள், 3,000 மராத்தியக் குதிரைவீரர், தஞ்சாவூரின் 1,000 குதிரைவீரர் அப்படையில் இருந்தனர். அகன்ற ஆற்றுக்கு அப்பால், பாதிப் படையோடு தனித்து நிற்பது பெரும் இடர். ஆயினும் புதுச்சேரியிலிருந்து திருவரங்கத்துக்கு வரும் வழி அவ்வூரைத் தொட்டே சென்றது. உணவும் பணமும் துணைப்படையும் அவ்வழியேதான் வரவேண்டும். கொள்ளிடக் கரையில் பிரெஞ்சுத் தரப்பின் நெற்களஞ்சியம் இருந்த லால்குடியும் விரைவில் கைப்பற்றப்பட்டது. களஞ்சியத்தைக் கைப்பற்றல் தன் படைக்கு உணவு, பகைப்படைக்குப் பட்டினி என இரு பயன் தரும்.

டூப்ளே அனுப்பிய தோத்தேய், உணவுப் பொருள்களோடு ஊட்டத்தூர் வரை வந்தார். அவரை வழிமறிக்கக் கிளைவ் இரவில் புறப்பட்டார். செய்தியறிந்து தோத்தேய் பின்வாங்க, கிளைவும் அன்றிரவே சமயபுரம் திரும்பினார். கிளைவ் புறப்பட்டதை அறிந்த ழாக் லா, அவர் திரும்பியதை அறியவில்லை. காவல் குறைந்த பாசறை எனக் கருதி, 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் அனுப்பினார். ஐரோப்பியருள் பாதிப்பேர் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள். காவலர் தடுத்தபோது, லாரன்ஸ் அனுப்பிய துணைப்படை என ஆங்கிலத்தில் விடையளித்து அவர்கள் பாசறைக்குள் புகுந்தனர். ஊரில் சிறிது தொலைவில் அமைந்த இரு கோயில்களைப் படை தங்குமிடமாகக் கொண்டிருந்தது. அவை போசளீச்சுவரமும் மாரியம்மன் கோயிலும் எனக் கருதப்படுகின்றன. சிறிய கோயிலருகே உறங்கியவர்கள்மீது துப்பாக்கிகள் வெடித்தன. மண்டபத்தில் படுத்திருந்த கிளைவ், இருளில் சுட்டுக்கொண்டிருந்த எதிரிச் சிப்பாய்களைத் தம் வீரர் என எண்ணிக் கடிந்துகொண்டதாக ஓர்ம் எழுதுகிறார். விடிந்தபின் கோயிலுக்குள் சிக்கியவர்கள் பணிந்தனர். தப்பியோடிய சிப்பாய்களை மராத்தியக் குதிரைப்படை கொள்ளிடத்தை அடையுமுன் வெட்டி வீழ்த்தியது.

ஓர்ம் கிளைவின் நண்பர். அவர் எழுத்தில் இவ்விரவு ஒரு வீரனின் நல்லூழாகவே விரிகிறது. காயம்பட்டுக் குருதி வடிய, இருவரின் தோளில் சாய்ந்து நின்ற கிளைவின் உருவம் பின்வந்த ஆங்கில நூல்கள் அனைத்திலும் படியெடுக்கப்பட்டது. கொள்ளிடத்துக்கு வடக்கே மடிந்த எழுநூற்றுவரைப் பற்றி அவை ஒரு தொடருக்குமேல் எழுதவில்லை. தாங்கியவர் இருவரும் அடுத்த கணமே சுடப்பட்டு மாண்டனர் என்பதும் அப்படக்காட்சியின் ஓரத்திலேயே நிற்கிறது. பாட்டுடைத் தலைவனைத் தவிரப் பிறரைக் காணாத பாடாண் மரபு தமிழுக்கு மட்டும் உரியதன்று.

இரவுச் சண்டையின் கவர்ச்சியை நீக்கிப் பார்த்தால், முடிவைத் தந்தது அவ்விரவு அல்ல என்பது விளங்கும். அடுத்த ஏழு வாரங்களில் பிச்சாண்டார்கோவில் வீழ்ந்தது. அங்கிருந்து ஆற்றைக் கடந்து பீரங்கிக் குண்டுகள் சந்தா சாகிபின் முகாமை எட்டின. ஊதியம் பெறாத அவருடைய வீரர்கள் குழுக்குழுவாக விலகினர். தோத்தேய் வாலிகண்டபுரத்தில் பணிந்தார். தஞ்சைத் தளபதியிடம் தம்மை ஒப்புவித்த சந்தா சாகிபு ஜூனில் தலை வெட்டப்பட்டார். அதே நாள்களில் ழாக் லா, ஏறத்தாழ 800 ஐரோப்பியரோடும் 2,000 சிப்பாய்களோடும், ஒரு பெரும்போரும் புரியாமல் படைக்கலம் ஒப்படைத்தார். தும்பை நிகழவேயில்லை. திருவரங்கம், திருவானைக்காவல், பிச்சாண்டார்கோவில் ஆகிய மூன்றின் மதில்களும் அரண்களாகப் பயன்பட்டன. ஆனால் பெருங்கோயிலின் ஏழு சுற்று மதிலும் உள்ளிருந்தோருக்கு உணவளிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். வணிகக் கும்பினிகளின் கூலிப்படைப் போரைச் சங்கத்திணையால் அளப்பது காலமுரண் அல்லவா? வெட்சியில் கவரப்பட்ட ஆநிரை பகிர்ந்தளிக்கப்படும், உண்டாட்டு நிகழும், கொடை வழங்கப்படும். அது குழுவாழ்வின் செயல். 1752-இல் கைப்பற்றப்பட்ட நெல் கணக்கில் ஏறியது. இவ்வேறுபாடு மெய்யானது. சமயபுரப் போரை வெட்சித்திணை எனப் பெயரிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒற்று, இரவுச் செலவு, வழியடைப்பு, உணவுச்செல்வம் கவர்தல் என்ற நான்கும் இலக்கணத்தில் ஓரிடத்திலும் 1752-இல் வேறோரிடத்திலும் நிற்கின்றன. செயல்கள் மாறவில்லை, வரிசை மாறியது. பீரங்கியும் அணிப்பயிற்சியும் படைகளின் பசியைப் பெருக்கின என்பதே அவ்வரிசை மாற்றத்துக்குக் காரணம். வெடிமருந்தும் குண்டும் வயலில் விளைவதில்லை. திங்கள் ஊதியத்துக்கு நிற்கும் வீரனுக்கு ஊதியம் வழியில் தடைப்பட்டால் அவன் நிற்பதில்லை. படை எவ்வளவுக்கு வலிமை பெற்றதோ, அவ்வளவுக்குத் தன் பின்னுள்ள வழியைச் சார்ந்தது.

பாடப்பட்டதும் பாடப்படாததும்

1753-இலும் 1754-இலும் திருச்சிராப்பள்ளிக்காக மீண்டும் போர் நடந்தபோது, கோட்டைக்குள் உணவு வண்டிகளைப் பாதுகாத்துக் கொணர்வதில் பெயர்பெற்றவர் யூசுப் கான். நாட்டின் வழிகளை அறிந்தவர், ஒற்றறிவதில் வல்லவர் என்பதற்காகவே லாரன்ஸின் பாராட்டைப் பெற்றார். வெட்சித் துறைகளை ஒருவரின் வாழ்வில் காண விரும்பினால் இவ்விரு ஆண்டுகளே போதும். ஆனால் அவரைப் பாடிய நாட்டுப்புறக் கதைப்பாடலான ‘கான்சாகிபு சண்டை’, மதுரைக் கோட்டை முற்றுகையையும் உடனிருந்தோரின் இரண்டகத்தையும் 1764-இல் அவர் தூக்கிலிடப்பட்டதையுமே தன் கனமான பகுதியாகக் கொண்டுள்ளது. மதில், வீரம், துரோகம், சாவு என்ற பழைய உழிஞைச் சட்டகம் 18ஆம் நூற்றாண்டு வாய்மொழி மரபிலும் உறுதியாக நின்றதை இது காட்டுகிறது.

வழியும் உணவும் ஊதியமும் செய்தியும் போராக எழுதப்பட்ட தமிழைக் காண வேண்டுமெனில், செய்யுளை விட்டு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குச் செல்ல வேண்டும். புதுச்சேரியில் டூப்ளேயின் தலைமைத் துபாசியாக அமர்ந்து அவர் எழுதியவற்றில் கப்பல் வரவும், கடன் முறியும், மடல்களும், ஊர்ப்பேச்சும், போர்ச்செய்தியும் ஒரே நடையில் அடுத்தடுத்து வருகின்றன. அவர் களத்தில் நின்றவரல்லர். போர் அவரிடம் செலவாகவும் வதந்தியாகவும் காலம் தாழ்ந்த கடிதமாகவும் வந்தடைந்தது. அவ்வெழுத்தை வரலாற்றுச் சான்றாகவும் பேச்சுத்தமிழ்ச் சான்றாகவும் ஆராய்ந்த நூல்கள் உள. புறப்பொருள் பாடும் நூலாக அதனை வாசிக்கும் முயற்சி, கோவூர் கிழாரின் 44ஆம் பாடலை உழிஞை, நொச்சி ஆகியவற்றுக்கு வெளியே நிறுத்திய அதே திணைக்குறிப்பிலிருந்து தொடங்கலாம்.